நோன்பு மாதத்தில் வளைகுடாவில் தங்குவதா, கொழும்புக்கு வருவதா?

ஒவ்வோர் ஆண்டும் ரமழான் நெருங்கும்போது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. டோஹாவிலோ டுபாயிலோ ரியாத்திலோ வேலை செய்யும் மகன் அந்த மாதத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா, அங்கேயே இருந்துவிடலாமா? வருவதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பகல் முழுவதும் ஊர் அடங்கிக் கிடக்கிறது, பொழுது போகவில்லை. முஸ்லிம் அல்லாத ஒரு கொழும்புத் தமிழருக்கு அந்த மாதத்தில் இருக்கும் வழிகளை, இந்தக் காரணத்தை முன்னிட்டு, ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம். டோஹாவில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவன் என்ற முறையில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுது போகவில்லை என்பதற்காக மட்டும் ஆண்டு லீவை ரமழானில் செலவழிப்பது நட்டம். அங்கேயே தங்கி, தன் நாளின் ஒழுங்கை ஊரோடு சேர்த்து இரவுக்கு நகர்த்திக்கொள்பவருக்கே அந்த மாதம் கைகொடுக்கிறது. இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றில் சில புறந்தள்ள முடியாதவை.

எந்த வழியைத் தேர்வதற்கு முன்னும் உங்களுடைய வேலை நேரம் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரமழானில் எல்லோருக்கும் வேலை குறையும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள், ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் தனியார் துறை ஊழியர்களுக்கு, மதம் பாராமல், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறைக்கப்படுகிறது. கட்டாரின் 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற் சட்டம் ரமழானில் நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 36 மணி என்று எல்லை வகுத்திருக்கிறது. குவைத்திலும் வாரத்துக்கு 36 மணிதான். சவூதி அரேபியா, ஓமான், பஹ்ரைன் ஆகிய மூன்றிலும் இந்தக் குறைப்பு முஸ்லிம் ஊழியர்களுக்கு என்றே எழுதப்பட்டிருப்பதால், மற்றவர்களுக்கும் அதைக் கொடுப்பது நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்தது. டுபாய்க்கு உள்ளேயே சர்வதேச நிதி மையத்துக்குத் தனித் தொழிற் சட்டம் இருக்கிறது. அங்கேயும் ஆறு மணி எல்லை நோன்பிருக்கும் முஸ்லிம்களுக்குத்தான். ஆகவே ரியாத்தில் முழு நேரமும் வேலை செய்யப்போகும் ஒரு கணக்காளருக்குப் பொழுதுபோக்கு ஒரு பிரச்சினையே அல்ல. நேரத்தோடு வீடு திரும்பும் சக ஊழியர்களின் வேலையில் ஒரு பங்கும் அவர் மேசைக்கு வந்து சேரும். அவர் யோசிக்க வேண்டியது மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

அந்தச் சாப்பாட்டிலும் நாடுகள் ஒன்றுபோல் இல்லை. டுபாயில் 2021 முதல் உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்க வேண்டியதில்லை. அலுவலகத்துக்கு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். குவைத்தில் 1968ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது; நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்டாலோ குடித்தாலோ 100 தினார் வரை தண்டமும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு, காருக்குள் இருந்தபடி தண்ணீர் குடிப்பதும் வெளியே தெரிந்தால் சிக்கல்தான். எந்த நாடானாலும் காலையில் சமைத்துக் கட்டிக்கொண்டு போய், அலுவலகம் ஒதுக்கித் தரும் அறையில் சாப்பிடுவதே பாதுகாப்பானது. கருவாட்டை மட்டும் அந்த மாதம் வீட்டோடு நிறுத்திக்கொள்வது நாகரிகம்.

இனி வீட்டுக்கு வருவதைப் பார்ப்போம். லீவை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டாரில் எட்டு மணி வேலை ஆறு மணியாகக் குறைந்திருக்கும் மாதத்தில் ஒரு நாள் லீவு எடுத்தால், அந்த லீவு ஆறு மணி நேரத்தைத்தான் உங்களுக்கு மீட்டுத் தருகிறது. வேறு மாதத்தில் அதே லீவு எட்டு மணியை மீட்டுத் தந்திருக்கும். இருபது வேலை நாட்களுக்கு லீவு எடுப்பவர் இந்த வகையில் நாற்பது மணி நேரத்தை, அதாவது சாதாரண மாதத்தின் ஐந்து வேலை நாட்களை, இழக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக் கட்டார் சட்டம் உறுதி செய்வது ஆண்டுக்கு மூன்று வார லீவைத்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சித்திரைப் புத்தாண்டுக்கோ ஆடிவேலுக்கோ தங்கையின் கலியாணத்துக்கோ கையில் எதுவும் மிஞ்சாது.

அப்படி வந்தவருக்குக் கொழும்பில் பகல் நிறைந்து விடுமா என்றால் அதுவும் இல்லை. இப்போதைய ஆண்டுகளில் ரமழான் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விழுகிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்குத்தான் அப்போது நோன்பு விடுமுறை. மற்றப் பாடசாலைகள் வழமைபோல நடக்கும், அண்ணன் வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைகள் பாடசாலை முடிந்து அப்படியே டியூஷனுக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பொழுது போகவில்லை என்று பறந்து வந்தவர், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், தாயாரின் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லக்கூடிய குடும்பங்கள் உண்டு. வீட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால் அது தனிக் கணக்கு: 2025இல் அந்தப் பரீட்சை மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது, ரமழானின் இரண்டாம் பாதியின் பெரும்பகுதி அதற்குள் போயிற்று. நடமாட்டம் குறைந்த பெற்றோரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டியவருக்கும், காணி உறுதி, வங்கி அலுவல் என்று வார நாட்களில்தான் முடிக்கக்கூடிய வேலைகள் தேங்கிக் கிடப்பவருக்கும் இது நல்ல காலம். மற்றவர்கள் பெருநாளை ஒட்டி லீவு கேட்கும்போது ரமழானின் முதற் பாதியில் லீவு கேட்பவருக்கு முகாமையாளர் இலகுவில் மறுப்பதில்லை, பயணச்சீட்டும் கையைக் கடிக்காது.

மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மாதத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்துவிட்டு, நோன்புப் பெருநாள் விடுமுறையோடு நாலைந்து நாள் லீவைச் சேர்த்து வருவதே அது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் பெருநாளுக்கு மூன்று நாட்களும், சவூதியின் தனியார் துறையில் நான்கு நாட்களும் விடுமுறை கிடைக்கிறது. கொழும்பில் பிறை பார்த்து முடிவு சொல்வது கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் சேர்ந்துதான். வளைகுடாவுக்கு ஒரு நாள் பிந்தி இங்கே பெருநாள் வருவது அடிக்கடி நடப்பதால், அங்கே பெருநாள் அன்று விமானம் ஏறியவரும் மறுநாள் மருதானை நண்பர் வீட்டு வட்டிலப்பத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இதில் உள்ள குறை விலைதான். கடைசி நோன்புகளில் கட்டுநாயக்கவுக்கான பயணச்சீட்டு ஏறிவிடும், ஆதலால் பல மாதங்களுக்கு முன்பே வாங்கி வைக்க முடியாதவர் இந்த வழியை நினைக்காமல் இருப்பது நல்லது.

தங்குவதென்று முடிவெடுத்தவருக்கு எஞ்சும் கேள்வி, குறைந்த அந்த இரண்டு மணி நேரத்தையும் நீண்ட இரவையும் என்ன செய்வது என்பது. சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பழைய நேர அட்டவணையை விடாமல் பிடித்திருப்பதில் இருந்துதான் வருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்கு வந்து, நான்கு மணிக்குத் தேநீர்க் கடையைத் தேடிப் போனால் அது பூட்டியிருக்கும். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால், அப்போதுதான் ஊர் வெளியே வரும். அறைக்கு வந்தவுடன் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து, சூரியன் மறையும் மஃரிப் வேளை வரை வீட்டுக்குள் இருந்து, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடியும் வேளையில் வெளியே இறங்குகிறவருக்கு அந்த மாதமே வேறு மாதிரி. நோன்பு திறப்பதற்கு முந்திய ஒரு மணி நேரம் தெருவில் இறங்காமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: பசியோடும் அவசரத்தோடும் எல்லோரும் வீட்டுக்கு ஓட்டும் நேரம் அது, விபத்துக்களும் அப்போது மிகுதி.

இரவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நகரத்துக்கு ஒன்றாகச் சொல்லலாம். டோஹாவில் சூக் வாகிஃப் சந்தையில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கப் பீரங்கி முழங்கும், பிறகு நள்ளிரவு தாண்டியும் சந்தை திறந்திருக்கும். பதினான்காம் நோன்பு இரவில் கராங்காவோ என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கடலையும் இனிப்பும் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், குடும்பத்தோடு இருப்பவர்கள் அன்று கட்டாரா கலாசாரக் கிராமத்துக்குப் போவது உண்டு. டுபாயில் 2013 முதல் ரமழான்தோறும் நாத் அல் ஷீபா விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. கரப்பந்தாட்டம், ஓட்டம், சைக்கிளோட்டம் எல்லாம் இரவில்தான். இவற்றையெல்லாம்விட நம்மவர்களை இழுப்பது மின்விளக்கின் கீழ் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட். சார்ஜாவிலும் டோஹாவிலும் நோன்பு மாதத்து இரவுப் போட்டிகளில் ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டால், கொழும்புக்கு வரச் சொல்லித் தாயார் அழைத்தாலும் ஆள் வரமாட்டார். பெப்ரவரி, மார்ச் இரவுகள் வளைகுடாவில் குளிர்ச்சியானவை என்பது இந்த ஆண்டுகளில் கூடுதல் நன்மை. 2016இல் ரமழான் ஜூனிலும் ஜூலையிலும் வந்தபோது, நள்ளிரவிலும் கடற்கரை வீதியில் வியர்வை வழியாமல் நடக்க முடியாது.

இரவு வாழ்க்கையின் விலை தூக்கம். நோன்பிருப்பவர் ஸஹர் என்ற விடியுமுன் சாப்பாட்டுக்கு எழுந்து, பிற்பகலில் உறங்கி ஈடு செய்கிறார். அலுவலகமும் அதை எதிர்பார்த்தே இயங்குகிறது. முழு நேரமும் வேலை செய்யும் மற்றவர் இரண்டு மணி வரை வெளியே இருந்துவிட்டு எட்டு மணிக்கு மேசைக்குப் போனால், இரண்டாவது வாரத்தில் உடம்பு கணக்குக் கேட்கும். நள்ளிரவோடு திரும்பிவிடுவது என்ற கட்டுப்பாடு போதுமானது.

குடும்பம் கொழும்பில் இருப்பவருக்கு நேர வித்தியாசத்திலும் ஒரு வசதி உண்டு. டோஹா, குவைத், ரியாத் மூன்றும் கொழும்புக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கின்றன, டுபாய் ஒன்றரை மணி பின்னால். சாதாரண மாதங்களில் வேலை முடிந்து அறைக்கு வரும்போது கொழும்பில் பிள்ளைகள் படுக்கப் போயிருப்பார்கள். ரமழானில் டோஹாவில் இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் கொழும்பில் நான்கரை. டியூஷன் இல்லாத நாட்களில் மகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கவும் தந்தையோடு ஆறுதலாகப் பேசவும் ஆண்டில் கிடைக்கும் மிகப் பொருத்தமான நேரம் அது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் தடுக்கப்பட்டிருப்பதால், அனுமதிக்கப்பட்ட செயலி ஒன்றை இரு பக்கமும் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். லீவு எடுத்து வருவதால் கிடைக்கும் என்று எண்ணியதில் ஒரு பகுதி இப்படியே கிடைத்துவிடுகிறது என்பதால்தான், வருவதற்கு எதிராக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படிப்பதற்கு அந்த மாதத்தைப் பயன்படுத்துவது மூன்றாவது வழி. தனியாக இருப்பவர்களுக்கு இரவுச் சுற்றலைவிட இதுவே இலாபம் என்பது என் எண்ணம். ஏசிசிஏ என்ற கணக்கியல் தொழில்முறைப் பரீட்சைகளின் மார்ச் அமர்வு இப்போது ரமழானுக்குள்ளோ அதை ஒட்டியோ வருகிறது. வளைகுடாவில் நம்மவர்கள் பலர் கணக்காளர்களாகவும் கட்டட அளவைத் தொழிலிலும் இருக்கிறார்கள்; இந்த இரண்டிலும் சம்பளம் ஏறுவது தொழில்முறைத் தகுதியோடுதான். கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸில் மூன்று பேரோடு அறையைப் பங்கிட்டிருப்பவருக்கு மற்ற மாதங்களில் படிக்க அமைதி கிடைப்பதில்லை, ரமழான் பிற்பகலில் மற்ற மூவரும் உறங்குவார்கள். நூலகம் வேண்டுமென்றால் டோஹாவில் கட்டார் தேசிய நூலகமும், டுபாயில் 2022இல் திறந்த முகம்மத் பின் ராஷித் நூலகமும் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் திறக்கும் நேரங்கள் மாறும் என்பதால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஏற்கெனவே பாதி படித்த பாடத்தை முடிப்பதற்குத்தான் இந்த மாதம் போதும். புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர் பெருநாளோடு அதைக் கைவிட்டுவிடுவதையே அதிகம் கண்டிருக்கிறேன்.

நோன்பிருப்பவர்களோடு சேர்ந்திருப்பது இன்னொரு வழி, இதில் கொழும்புத் தமிழருக்கு மற்ற வெளிநாட்டவரைவிட ஒரு முற்பழக்கம் உண்டு. பள்ளிவாசலில் இருந்து பக்கத்து வீட்டார் வாங்கிக் கொடுக்கும் நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, நோன்பு திறக்கும் மேசையில் எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சக ஊழியர் அழைத்தால் ஒருமுறை போவது நல்லது. பேரீச்சம்பழமோ பழங்களோ கொண்டு போகலாம், பாங்கு கேட்கும் வரை எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அழைப்பு ஒன்றும் வராத தனிமைக்காரர் டுபாயில் அல் ஃபஹீதி பகுதியில் இருக்கும் ஷேக் முகம்மத் கலாசாரப் புரிந்துணர்வு மையத்துக்குப் பணம் கட்டிப் போகலாம். 1998இல் தொடங்கிய அந்த மையம் முஸ்லிம் அல்லாதவர்களை உட்கார வைத்து, உணவு கொடுத்து, கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லும்.

சிலர் தாங்களும் நோன்பு பிடித்துப் பார்க்கிறார்கள். பெப்ரவரியில் வளைகுடாவில் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் என்பதால் 2016இன் பதினைந்து மணியோடு ஒப்பிட்டால் இலகுதான். கந்தசஷ்டி விரதத்தில் பழகியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே தண்ணீரும் இல்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் ஒரு வாரத்துக்கு முன்பே குறைத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாள் தலைவலியால் முடங்குவார். வாரத்துக்கு ஒரு நாள், நண்பர்களோடு சேர்ந்து, என்பது நியாயமான அளவு. கிறிஸ்தவர்களுக்கு வேறொரு பொருத்தமும் வாய்த்திருக்கிறது. 2026இல் சாம்பல் புதனும் பெரும்பாலான வளைகுடா நாடுகளின் முதல் நோன்பும் ஒரே நாளில், பெப்ரவரி 18இல், வந்தன. தவக்காலத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்க எண்ணுபவருக்கு ஊரே துணைக்கு நிற்கும் ஆண்டுகள் இவை.

உணவுப் பொதி பகிர்வது போன்ற தொண்டும் நல்லதுதான், ஆனால் அனுமதி பெற்ற அமைப்புகளின் வழியே மட்டும் செய்ய வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தலைக்கு இருபது திர்ஹம் கேட்பதும் அதற்குள் அடங்கிவிடலாம். மூன்றாம் நாட்டுக்குச் சுற்றுலா போவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேடும் அலைச்சலும் செலவும் சேர்ந்தால், அதே பணத்தில் குடும்பத்தை டுபாய்க்கு அழைத்துவிடலாம்.

அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: 2027இல் ரமழான் பெப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும், மகாசிவராத்திரி மார்ச் 6இல் வருகிறது. அதாவது சிவராத்திரி கடைசிப் பத்து நோன்புகளுக்குள் விழுகிறது. அன்று கண்விழிக்க விரும்பும் சைவர் டுபாயில் இருந்தால் 2022இல் திறந்த ஜெபல் அலி இந்துக் கோவிலையும், மஸ்கட்டில் இருந்தால் முத்ரா பக்கத்துச் சிவன் கோவிலையும் நாடலாம், கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவருக்கு அது இயலாது. சிவராத்திரியையும் பெருநாளையும் சேர்த்து ஒரே லீவில் கொழும்பில் கழிக்க எண்ணுபவருக்கு 2027 பொருந்திவரும் ஆண்டு. 2030இல் ரமழான் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு தடவை தொடங்கும். முதலாவது தைப்பொங்கலைத் தனக்குள் கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் அலுவலகத்திலும் கட்டட வேலைத்தளத்திலும் இருப்பவர்களுக்கு. வீட்டுப் பணிப்பெண்களாகப் போயிருப்பவர்களுக்குப் பொழுது போகவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ரமழான்தான் அவர்களுக்கு ஆண்டின் மிகக் கனமான மாதம். தினமும் மாலை பலகாரமும் கஞ்சியும், இரவில் விருந்தாளிகள், விடியுமுன் ஸஹர் சாப்பாடு, இடையில் பாத்திரங்கள். தொழிற் சட்டத்தின் ரமழான் நேரக் குறைப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் அவர்கள் தனிச் சட்டங்களுக்குள் வருகிறார்கள்: கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பத்து மணியும், குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு மணியும் எல்லையாக வைக்கின்றன, ரமழானில் அந்த எல்லை நடைமுறையில் அடிக்கடி மீறப்படுகிறது. அவர்களில் ஒருவர் லீவு கேட்டு வர முடியுமானால், மேலே நான் போட்ட லீவுக் கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது, வரட்டும். ஒப்பந்தம் முடியும் தேதியை முன்பின்னாக நகர்த்த இடமிருந்தால் ரமழானுக்கு முன் முடியும்படி கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அதற்கும் வழியில்லாதபோது, கொழும்பில் இருக்கும் குடும்பம் மாலையில் அவருடைய அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வேளையில் அவர் அடுப்படியில் நிற்பார். இரவு விழித்திருந்த வீட்டார் காலையில் பிந்தி எழும்புவதால், டோஹாவில் ஒன்பது, பத்து மணியளவில், அதாவது இங்கே மதியத்தை ஒட்டித்தான், அவருக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும்.